பந்தி முடியட்டும்

மகனே,

நீ நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் நீ நலமாகத்தான் இருப்பாய். வரப்போகிற மாமனார் வீட்டில் உன்னைத் தாங்கு தாங்கு என்று தாங்குகிறார்கள் என்று காட்டுப்பாக்கம் முழுக்கப் பேச்சு. நான் எப்போதும்போல இருக்கிறேன். மழை வருகிற அன்றைக்கு இடுப்பு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாய். “கல்யாணத்தன்னிக்கு மாமா ஊட்ல ஒரு வாய் துன்னுட்டு வந்துடும்மா, எல்லாம் தீந்துடும்” என்றாய். நான் தலைநிமிரவில்லை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். வாயால் சொன்னால் நீ பாதியில் எழுந்துபோவாய், உன் அப்பாவும் அப்படித்தான். எழுதினால் படித்துத்தான் ஆகவேண்டும். ஒரு வாய் சோற்றில் எது தீரும், எது தீராது என்பது இந்த வீட்டில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

உன் மாமனாராகப் போகிறவர் எனக்குப் பெரியப்பா மகன். கூடப்பிறக்காவிட்டாலும் அண்ணன்தான். பூந்தமல்லியில் அவர் அரிசி மில் நன்றாக ஓட ஆரம்பித்ததும் மாடி வைத்து வீடு கட்டினார். அவருக்குச் சொந்தத் தங்கை கிடையாது. அதனால் கிருகப்பிரவேசத்துக்கு நிறைகுடம் தூக்க என்னைத்தான் கூப்பிட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இருந்ததில் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, விடிவதற்கு முன்னாலேயே உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். உன் அப்பாவும் வந்தார். வீட்டு மாப்பிள்ளை முறை என்று அவருக்குப் பந்தி பரிமாறுகிற பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அம்பத்தூரில் நாள் முழுக்க இரும்பு ராவுகிற மனிதரை யார் ‘வாங்க மச்சான்’ என்று கூப்பிடப்போகிறார்கள்?

அந்த வீட்டு மாடிப்படிக்கு அன்று கைப்பிடி வைத்திருக்கவில்லை. தச்சு வேலை பார்த்த காசிம் பாய், கைப்பிடி மரம் இன்னும் காயவில்லை, பத்து நாள் தள்ளி நாள் வையுங்கள், கைப்பிடி இல்லாமல் ஆளை ஏற்றாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். நாள் குறித்தாகிவிட்டது, மாற்றினால் ஆகாது என்று அண்ணன் கேட்கவில்லை. கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில் மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு சணல் கயிற்றைக் கட்டி, அதைச் சுற்றிலும் ரோஸும் பச்சையுமாகக் கலர் காகிதம் ஒட்டி, நடுநடுவே மாவிலை செருகியிருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். கைப்பிடி மாதிரியேதான் இருந்தது. உன்னைக் கீழே ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, குடத்தை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டுத் தாம்பாளத்தோடு இறங்கிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து மில்லில் நெல் போடுகிற பெரிய மனிதர்கள் ஏறி வந்தார்கள். “தங்கச்சி, ஒதுங்கு, வழி வுடு” என்று அண்ணன் கீழே நின்று குரல் கொடுத்தார். ஒதுங்கினேன். ஒதுங்கினவள் சாய்ந்தது அந்தக் கயிற்றில். காகிதம் கையோடு வந்தது.

கீழே சிமெண்டுத் தரை. இடுப்புக்குக் கீழே ஏதோ பிளந்த மாதிரி இருந்தது. நான் கத்தினேன். நாலு பேர் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வந்தது அண்ணி. அவள் என்னைப் பார்க்கவில்லை. என் நெற்றியிலிருந்து படியில் சொட்டியிருந்த ரத்தத்தைப் பார்த்தாள். “நல்ல நாளும் அதுவுமா, ஊட்டு படியில இன்னாடி இது” என்று சொல்லி, மஞ்சள் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிப் படியைக் கழுவினாள். என்னைத் தூக்கிக் கொல்லைப்புறம் மாட்டுக்கொட்டகையில் வைக்கோல்மேல் போட்டார்கள். சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று அண்ணியே ஒரு துண்டைச் சுருட்டி என் வாயில் வைத்தாள். “கடிச்சுக்கோ, நேரம் நல்லபடியா போவட்டும்” என்றாள். கடித்துக்கொண்டேன். இன்றைக்கு என்றால் அவள் விரலைக் கடித்திருப்பேன்.

உன் அப்பா வந்தார். கையில் சாம்பார் வாளி. யாரோ சொல்லித்தான் வந்திருக்கவேண்டும். கொட்டகை வாசலில் நின்று என்னைப் பார்த்தார். என் வலது கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பார்த்தார். வண்டி கொண்டுவரட்டுமா என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. அண்ணன் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னதும் கேட்டது. “இன்னா மச்சான் நீ? பந்தி நடக்கச் சொல்ல இவளைத் தூக்கிகினு ரோட்டோட போனா ஜனம் இன்னா பேசும்? லேசா பிசகிகீது, அவ்ளோதான். பந்தி முடியட்டும்.” உன் அப்பா வாளியோடு திரும்பிப் போனார். அதன்பிறகு மூன்று பந்தி நடந்தது. அப்பளம் நொறுங்குகிற சத்தம், பாயசத்தை இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொல்கிற சத்தம், எல்லாவற்றையும் துண்டைக் கடித்தபடியே கேட்டுக்கொண்டு கிடந்தேன். பக்கத்தில் கட்டியிருந்த மாடு மட்டும் என் கூந்தலில் இருந்த பூவை இழுத்துத் தின்றது. அன்று அந்த வீட்டில் என்னைத் தொட்டுப் பார்த்தது அது ஒன்றுதான்.

மாலையில் கட்டைவண்டியில் படுக்கப்போட்டு, திருவேற்காட்டுப் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஒருவரிடம் கொண்டுபோனார்கள். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் நேராக வைத்திருப்பேன், இப்போது வீங்கிப்போய்விட்டது, ஆனமட்டும் பார்க்கிறேன் என்றார். அவர் ஆனமட்டும் பார்த்ததுதான் விவரம் தெரிந்த நாளிலிருந்து நீ பார்க்கிற என் நடை. நீ பிறந்தபோது இந்தக் கால் நன்றாகத்தான் இருந்தது. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்கு நடந்தே போயிருக்கிறேன். உனக்கு ஞாபகம் இருக்காது. உனக்கு ஞாபகம் இல்லாததெல்லாம் நடக்காமல் போய்விடாது.

நான் தையல்காரி. மெஷினை மிதிக்கிற கால் போனால் தையல்காரிக்கு என்ன மிச்சம்? எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் ஒரு ரவிக்கை விடாமல் நான்தான் தைத்துக்கொண்டிருந்தேன். கட்டுப் பிரித்து, சுவரைப் பிடித்து எழுந்து நின்றதும் நான் முதலில் போனது மெஷினிடம். மிதித்தேன். இடுப்பில் மின்னல் வெட்டியது. அன்றைக்கே முடிவு செய்தேன், இதற்கு அண்ணன் பதில் சொல்லவேண்டும் என்று. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். அண்ணன்மேல் கேஸ் போடுவாயா, ரத்த சம்பந்தம் ஆயிற்றே என்றார்கள். படியில் சொட்டியதும் அதே ரத்தம்தான், அதை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினீர்களே என்றேன். அதற்கப்புறம் அவர்கள் வரவில்லை.

உன் அப்பாவை இழுத்துக்கொண்டு பூந்தமல்லியில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனேன். அவர் முழுவதும் கேட்டார். அடுத்தவர் கட்டடத்தில், அவர் அழைத்துப் போய், அவர் சரியாக வைக்காத படியிலிருந்து விழுந்தால் நஷ்ட ஈடு கேட்க உங்களுக்குப் பாத்தியதை உண்டு என்றார். நோட்டீஸ் அனுப்பினார். அண்ணன் பதில் அனுப்பினார். கயிறு அலங்காரத்துக்குக் கட்டியது, பிடிக்கச் சொல்லிக் கட்டவில்லை, அந்த அம்மாள் கவனக்குறைவாக விழுந்தார் என்று எழுதியிருந்தது. வக்கீல் சிரித்தார். காசிம் பாய் சாட்சி சொன்னால் போதும், அவர்தானே கைப்பிடி இல்லாமல் ஆளை ஏற்றாதே என்று முன்பே சொன்னவர் என்றார். பாய் ஒத்துக்கொண்டார். நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்கு இன்னா கஷ்டம் என்றார். வருஷம் திரும்புவதற்குள் கேஸைப் போட்டுவிடவேண்டும் என்று வக்கீல் சொன்னார். கடைசியாக உன் அப்பாவைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார். “கேஸ் முடியுற வரைக்கும் அவங்க ஊட்ல பச்சைத் தண்ணிகூட குடிக்காதீங்க. கை மட்டும் நனைச்சுடாதீங்க.” உன் அப்பா பலமாகத் தலையாட்டினார்.

இப்போது உங்கள் காலத்தில் இது எந்த அளவுக்கு இருக்கிறதோ தெரியாது. எங்களுக்குள் ஒரு வீட்டோடு மனஸ்தாபம் என்றால் அங்கே கை நனைக்கமாட்டோம். சாவு வீடாக இருந்தாலும் போய் நின்றுவிட்டு வருவோம், சாப்பிடமாட்டோம். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் மனஸ்தாபம் தீர்ந்தது என்று அர்த்தம். அப்புறம் பழசைப் பேசினால் பேசுகிறவன்தான் அற்பன். வக்கீலுக்கும் இது தெரியும், என் அண்ணனுக்கும் தெரியும். வருஷம் திரும்பக் கொஞ்ச நாள் இருக்கும்போது அண்ணன் தன் குழந்தைக்குக் காது குத்துகிற விசேஷம் வைத்தார். நம் வீட்டுக்கு அவர் வரவில்லை. அம்பத்தூரில் உன் அப்பா வேலை முடிந்து வெளியே வருகிற நேரத்துக்கு கேட்டண்டை போய் நின்று, தோளில் கை போட்டுக்கொண்டு அழைத்துப் போய்விட்டார்.

அன்று இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணனே தன் கையால் நெய் விட்டிருக்கிறார். உன் அப்பா இலையில் கை வைத்ததும் பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி, “மச்சான் கை நனைச்சாச்சு, இனிமே நமக்குள்ள ஒண்ணுமில்ல” என்றிருக்கிறார். பத்து ஊர்ச் சொந்தம் அதைக் கேட்டது. உன் அப்பா வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தார், உள்ளே வரவில்லை. கையில் நெய் வாசனை. மறுநாள் காசிம் பாய் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். “யம்மா, நான் பொய் சொல்றவன் இல்ல. ஆனா உன் ஊட்டுக்காரரு அங்க உக்காந்து துன்னாரு. இப்ப நான் கோர்ட்ல ஏறினா, சேந்துகினவங்களைப் பிரிச்சு வுட்டவன்னு என்னைத்தான் காறித் துப்புவாங்க. நான் அந்தத் தெருவுலதான் பொழைக்கணும்.” அவரைக் குறை சொல்லமாட்டேன். வக்கீலிடம் போனேன். சட்டத்தில் சாப்பாட்டு இலைக்கு இடம் இல்லை, ஆனால் சாட்சி இல்லாமல் நான் எதை வைத்து வாதாடுவது என்றார். கேஸ் அங்கேயே செத்தது.

அன்றிலிருந்து நான் உன் அப்பாவோடு பேசவில்லை. பேசாததை நீ பார்த்துத்தான் வளர்ந்தாய், ஏன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அவர் தினமும் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டு, மெஷினுக்கு அடியில் தரையில் உட்காருவார். நான் மேலே துணியைப் பிடிப்பேன், அவர் கீழே மிதிக்கட்டையைக் கையால் அழுத்தி ஓட்டுவார். கத்தரிக்கோலால் பலகையில் தட்டினால் ஓட்டவேண்டும், மறுபடியும் தட்டினால் நிறுத்தவேண்டும். இரும்பு ராவிய கை, சாயந்திரத்தில் என் கால். துணி கொடுக்க வருகிற பெண்கள், இந்த மாதிரிப் புருஷன் யாருக்குக் கிடைக்கும் என்று கண் கலங்குவார்கள். நான் கத்தரிக்கோலைத் தட்டுவேன். அவர் ஓட்டுவார். இந்தத் தட்டலில்தான் உன் பள்ளிக்கூடமும் ஐ.டி.ஐ. படிப்பும் ஆவடி வேலையும் வந்தது. அவருக்கு நான் செய்தது கொடுமை என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். எனக்கு வருத்தம் இல்லை.

அவர் படுக்கையில் விழுந்து, இனி எழமாட்டார் என்று ஆனபிறகு ஒரு மத்தியானம் அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கரண்டியைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். “அன்னிக்கு எனக்குப் பசிடி” என்றார். இத்தனை வருஷமாக நான் என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். அண்ணன் காசு கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். மச்சான் என்ற ஒரு சொல்லுக்கு மயங்கியிருப்பார் என்று நினைத்தேன். அவருக்குப் பசித்திருக்கிறது, அவ்வளவுதான். நான் தைக்காத அந்த வருஷத்தில் நம் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு என்று ஒன்று ஒழுங்காக இருந்ததில்லை. இருந்ததை உனக்கு ஊட்டிவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுப்போம். வேலை முடிந்து வெறும் வயிற்றோடு வருகிறவனை நெய் வாசனைக்கு நடுவில் உட்கார வைத்தால் அவன் என்ன செய்வான்? கரண்டியை மறுபடியும் அவர் வாயருகே கொண்டுபோனேன். குடித்தார்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். நீ யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள், தேவகி உனக்கு முறைப்பெண், அதில் தப்பு இல்லை. அவளுக்குக் காது குத்தின அன்றைக்குத்தான் என் கேஸ் செத்தது, அதற்கு அந்தக் குழந்தை என்ன செய்யும். கல்யாணம் ஆனதும் மில்லைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டு மாடியிலேயே குடித்தனம் இருக்கப்போகிறாய் என்றும் கேள்விப்பட்டேன், அதையும் நீ என்னிடம் சொல்லவில்லை. நீ குடியிருக்கப்போகிற மாடிக்கு நான் ஒரே ஒருமுறை ஏறியிருக்கிறேன். விழுந்த மறுவாரமே அந்தப் படிக்குத் தேக்கில் கைப்பிடி வைத்துவிட்டார்களாம், நீ தினமும் அதைப் பிடித்துத்தான் ஏறுவாய். என்னிடமிருந்து எடுத்தது போதாது என்று உன்னையும் எடுத்துக்கொள்கிறார்கள். வயிறு எரிகிறது, மறைக்கவில்லை. ஆனாலும் இதற்காகவெல்லாம் பேனாவை எடுத்திருக்கமாட்டேன்.

போன வாரம் தேவகி கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தாள். நல்ல பெண். நான் எழுந்து நடந்ததைப் பார்த்தாள். பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு, “அத்தே, உங்களுக்குப் பொறந்ததுலேர்ந்தே கால் இப்படியா? அப்பா சொல்லிகீறாரு” என்றாள். “இல்லம்மா, உங்க ஊட்ல குடுத்ததுதான்” என்றேன். நான் ஏதோ தமாஷ் பண்ணுகிறேன் என்று சிரித்தாள். அவளுடைய காதில் தோடு ஆடியது. அளவு எடுத்து அனுப்பினேன். நீ அவளோடு எத்தனையோ நாள் பேசியிருப்பாய். அம்மாவுக்குக் கால் ஏன் இப்படி என்று அவள் உன்னை ஒருமுறையாவது கேட்டிருப்பாள். மாமா வீட்டுப் படியில் விழுந்தது என்கிற அளவுக்கு உனக்கும் தெரியும், ஆனாலும் அவள் நினைத்துக்கொண்டிருப்பதை நீ திருத்தவில்லை. மாமனார் மனம் கோணக்கூடாது என்று என்னைப் பிறவி நொண்டியாக்கிவிட்டு, என்னை வந்து ஒரு வாய் சாப்பிடச் சொல்கிறாய்.

அதனால் உனக்கு இரண்டே புத்திமதி. நாளைக்கு நீயும் வீடு கட்டுவாய், விசேஷம் வைப்பாய். உன் வாசலுக்கு வந்தவர்களில் யாராவது விழுந்தால், பந்தியை நிறுத்து. வடை ஆறிப்போகட்டும். நேரம் தப்பிப்போகட்டும். முதலில் வண்டியைக் கூப்பிடு. இரண்டாவது, உன் பெண்டாட்டி விழுந்து கிடக்கும்போது உன் கையில் வாளி இருந்தால், அதைக் கீழே வை. இதைக்கூடச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு அவமானமாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு நான் வருவேன். பெற்றவள் வராமல் நடந்தது என்ற பேச்சு உனக்கு வேண்டாம். கேஸ் போட வருஷம் எப்போதோ தாண்டிவிட்டது, காசாக எனக்கு ஒன்றும் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதுதான் என் நஷ்ட ஈடு. முதல் பந்தியில் இலை போட்டதும், சோறு விழுவதற்கு முன்னால், உன் மாமா எழுந்து நின்று, “என் தங்கச்சி பொறந்தப்ப நல்லாதான் இருந்துச்சு, என் ஊட்டு படியில உழுந்துதான் கால் போச்சு” என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லவேண்டும். முக்கியமாக, தேவகி கேட்கச் சொல்லவேண்டும். சொன்னால் அந்த இலையில் உட்கார்ந்து கை நனைக்கிறேன், உன் அப்பா சாப்பிட்டதைவிட அதிகமாகவே சாப்பிடுகிறேன். இதை அவரிடம் கேட்கவேண்டியது நீ. நான் கேட்கமாட்டேன்.

நீயும் கேட்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன்னை வளர்த்தவள் நான். அதனால் கையோடு தூக்கில் கொஞ்சம் தயிர்ச்சாதம் கட்டிக்கொண்டு வருகிறேன். தாலி கட்டி முடிந்ததும் அட்சதையைப் போட்டுவிட்டு, கொல்லைப்புறம் அந்த மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுகிறேன். அது இன்னும் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். என் சோற்றை அங்கே உட்கார்ந்து தின்றுகொள்கிறேன். சம்பந்தி அம்மாள் எங்கே என்று யாராவது கேட்டால் காட்டு. தேவகி கேட்டாலும் காட்டு. ஆசீர்வாதம் வாங்கவேண்டும் என்றால் இரண்டு பேரும் அங்கே வாருங்கள். அவசரமே இல்லை, பந்தி முடியட்டும். அந்த இடத்தில் காத்துக்கிடந்து எனக்குப் பழக்கம்.

இப்படிக்கு,
உன் அம்மா